பதினோரு நிமிடம்

காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே
என் ஜெராக்ஸ் கடை.
இரண்டாம் சனிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால்
அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்.
காலிப்பரைக் கழற்றி மிஷினில் சாய்த்துவிட்டு
செல்போனைக் காகிதக் கட்டின் மேல் நிறுத்துவேன்.
ஃபேன் போட முடியாது, இரைச்சல்.
வேலூர், மே மாதம். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எபனேசருக்கு மட்டும் ஃபேன் உண்டு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவு.
அவன் கதை முழுக்கக் கையில்தான்.
அவன் பேசும் நாளில் எல்லோருக்கும் காற்று வரும்,
அதனால் அவனுக்கு ரசிகர்கள் அதிகம்.

மேல்விஷாரம் மெஹருன்னிசா
கேட்காமலே கையைப் பிடித்து
இறங்க வேண்டாத நிறுத்தத்தில் தன்னை இறக்கிவிட்ட
புண்ணியவான்களை எண்ணிச் சொன்னாள்.
ஏழு பேர்.
ஒருவர் போகும்போது தன் பேரையும் சொல்லி
"துஆ செய்யும்மா" என்றாராம்.

அப்புறம் கன்னியப்பன், பொன்னையிலிருந்து.
பாலாற்று மணலில் சைக்கிள் தள்ளுகிற மாதிரி
வரும் அவன் சொற்கள்.
எங்களுக்கு விதி ஒன்றே ஒன்று:
அவன் வாக்கியத்தை யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது.

அவன் சொன்னது:

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அடையாள அட்டை முகாம்.
பேர் கேட்டார்கள்.
"கன்" என்றேன்.
மூச்சு எடுத்தேன்.
எடுத்து முடிப்பதற்குள்
கண்ணன் என்று எழுதிவிட்டார்.
இரண்டு சுழியா மூன்று சுழியா என்றுகூடக் கேட்கவில்லை.
கேட்டது அம்மாவை:
"இன்னாம்மா, கண்ணன்தானே?"
பின்னால் நூறு பேர். அம்மா தலையாட்டினாள்.
அட்டையின் தலையில் மாற்றுத்திறனாளி என்று அச்சடித்திருந்தது.
பேரையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள்.
ரேஷனில் ஒருவன், உதவித்தொகையில் ஒருவன்.
இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட
இதுவரை பதினான்கு மனு.
கண்ணனுக்கு அறுபத்தைந்து சதவீதம் ஊனம்.
எனக்கு எவ்வளவு என்று
யாரும் அளக்கவில்லை.

சிரித்தோம்.
கையால் சொல்லிக் காட்டியதும்
எபனேசர் தாமதமாக, எங்களைவிட அதிகமாகச் சிரித்தான்.

அன்று ராத்திரி
பதினோரு நிமிடத்தை வெட்டினேன்.
இவ்வளவு நேரம் யார் கேட்பார்கள்.
இடைவெளியை எடுத்தேன், இழுப்பை எடுத்தேன்.
இரண்டு நிமிடம் பத்து நொடி. படு சுத்தம்.
காலையில் அவனுக்கு அனுப்பினேன்.

மதியம் எழுத்தில் வந்தது பதில்:
"நல்லா இருக்குக்கா.
இது கண்ணன் பேசறது."

ஆதார் நகலுக்கு நின்றவரைக்
கொஞ்சம் இருங்க என்றேன்.
ரொம்ப நேரம் இருந்தார்.

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டும்போதுதான் கேட்டேன்:
"கன்"னுக்கும் "னி"க்கும் நடுவில்
ஏலகிரி எக்ஸ்பிரஸ் முழுசாகப் போகிறது.
மெஹருன்னிசாவின் வளையல்.
யாரோ தண்ணி குடிக்கிறார்கள், நான்தான்.
அதற்கெல்லாம் அடியில்
அடுத்த எழுத்தைத் தூக்கிக்கொண்டு
ஓர் ஆள் வந்துகொண்டே இருக்கிறான்.

பதினோரு நிமிடமும் போன் போனாகப் போனது.
குடியாத்தத்தில் பீடி சுற்றும் பரிமளா
முழுக்கக் கேட்டுவிட்டுத் தன் கதையை அனுப்பினாள்,
திக்கித் திக்கி, பதினேழு நிமிடம்.
ஒரு நொடியைக்கூட நான் தொடவில்லை.

திங்கட்கிழமை, சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ்.
குறைதீர் கூட்டம். டோக்கன் நூற்றுப்பன்னிரண்டு.
பதினைந்தாவது மனு.
மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
என்னைப் பார்த்து, "இன்னாம்மா பிரச்சன இவருக்கு?"
நான் கூரையைப் பார்த்தேன்.
மெஹருன்னிசா எங்கேயும் பார்க்கவில்லை, அவளுக்கு அது சுலபம்.
எபனேசர் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.
பின்னால் நூற்றுப்பதிமூன்று செருமியது.

"கன்"
என்றான்.
மூச்சு எடுத்தான்.

பேனா மூடி திறந்திருக்கிறது.
இன்னும்
எழுதவில்லை.